ஒத்ததிர்வு நகர்ந்தால் வரைபடத்தில் கை வைக்காதீர்கள்: வளைந்த காம்போசிட்டில் பதித்த செம்பு பேட்டர்னுக்குப் பிழை தேடும் வழிமுறை

ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விடும் ரேடோம் (ஆண்டெனாவை மூடும் கூடு), ஓர் அலைவரிசையை மடக்கி இன்னொன்றுக்கு வழிவிடும் துணை எதிரொளிப்பான் (பெரிய ஆண்டெனாத் தட்டுக்கு முன்னால் நிற்கும் சிறிய தட்டு), விமானத்தின் வளைந்த தோலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஆண்டெனா. பயன் வேறு வேறு என்றாலும் பட்டறையில் இந்த மூன்றும் ஒரே சாதி: இழையும் ரெசினும் சேர்ந்த வளைந்த காம்போசிட் தகடு, அதற்குள் பதித்த செம்பு பேட்டர்ன். அந்தப் பேட்டர்ன் எந்த அதிர்வெண்ணுக்கு வேலை செய்கிறதோ அதுதான் அதன் ஒத்ததிர்வு. 1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் கலங்களின் 3.7 மீட்டர் ஆண்டெனாவிலும் துணை எதிரொளிப்பான் இந்த இனம்தான். எக்ஸ் பேண்டை எதிரொளிக்கும், எஸ் பேண்டை ஊடுருவ விடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உருப்படியைக் கையில் வைத்துக்கொள்வோம். 500 மி.மீ. ஆரமுள்ள கோளத்திலிருந்து வெட்டிய ஒரு கிண்ணம். மையத்திலிருந்து விளிம்பு வரை மேற்பரப்பின் மேலேயே அளந்தால் 150 மி.மீ. நடுவில் 50 மைக்ரான் பாலிஇமைடு (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) ஃபிலிம், அதன் ஒரு முகத்தில் 18 மைக்ரான் செம்பு. செம்பில் வளைய வடிவ இடுக்குகள்: சராசரி விட்டம் 4.7 மி.மீ., இடுக்கின் அகலம் 0.3 மி.மீ., ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 6 மி.மீ. இடைவெளி. ஃபிலிமின் மேலும் கீழும் 0.2 மி.மீ. கண்ணாடி இழை எப்பாக்சி பிரீப்ரெக் (ரெசின் முன்பே ஊறிய இழைத் துணி) நான்கு நான்கு அடுக்கு. 120 டிகிரியில் கியூர், அதாவது சூட்டில் ரெசினை இறுக வைப்பது. 10 கிகாஹெர்ட்ஸ் அருகே திறக்க வேண்டும்.

முதலில் சாட்சித் தகடு

ஒவ்வொரு முறையும் அதே ரோலில் வெட்டிய பிரீப்ரெக், அதே எட்சிங் (வேண்டாத செம்பை ரசாயனத்தில் கரைத்தெடுப்பது) தொகுதியில் வந்த ஃபிலிம், அதே எண்ணிக்கை அடுக்கு ஆகியவற்றைக் கொண்டு 150 மி.மீ. சதுரத்தில் ஒரு தட்டைத் தகட்டையும் சேர்த்து கியூர் செய்யுங்கள். அதே ஆட்டோகிளேவ் (அழுத்தமும் தரும் அடுப்பு), முடிந்தால் அதே வேக்குவம் பை (காற்றை உறிஞ்சி அடுக்கை அழுத்தும் பை). கீழே வரும் அத்தனை அறிகுறிக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: தட்டைத் தகட்டிலும் இதே கோளாறு இருக்கிறதா? இருந்தால் குற்றவாளி பொருள், எட்சிங், கியூர் இவற்றுள் ஒன்று. தட்டை சரியாக இருந்து கிண்ணம் மட்டும் கெட்டிருந்தால், ஃபிலிமை வளைத்து உட்கார வைத்த விதத்தில்தான் தப்பு. சாட்சித் தகடு இல்லாமல் பிழை தேடுவது இரண்டு வார வேலை. இருந்தால் ஒரு மதிய வேலை.

அறிகுறி: அளவீட்டு வரைகோட்டில் அலை அலையாக மேடு பள்ளம்

உருப்படியைக் குறை சொல்லுமுன் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள். ஹார்னுக்கும் (அலையை அனுப்பும் புனல் வடிவ ஆண்டெனா) கிண்ணத்துக்கும் நடுவே அலை முன்னும் பின்னும் ஓடினால் வரைகோடு சீரான இடைவெளியில் நெளியும். தூரம் அரை மீட்டர் என்றால் அந்த நெளிவு 300 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை வரும். ஹார்னை 7.5 மி.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள். நெளிவு இடம் மாறும், உண்மையான ஒத்ததிர்வு அசையாது. நெட்வொர்க் அனலைசரில் (அதிர்வெண்வாரியாக அளக்கும் கருவி) டைம் கேட்டிங், அதாவது தாமதமாக வரும் எதிரொளிப்பை வடிகட்டும் வசதி, இருந்தால் போடுங்கள். வெறும் சட்டத்தை வைத்து எடுத்த அளவை ஒப்பீடாகக் கழிக்க மறக்காதீர்கள்.

30 செ.மீ. அகல உருப்படிக்கு 10 கிகாஹெர்ட்ஸில் தொலைப்புலத் தூரம் (அலை ஏறத்தாழத் தட்டையாக வந்து விழத் தேவையான தூரம்) 6 மீட்டர். பெரும்பாலான அறைகளில் அது கிடைக்காது. அதனால் விளிம்பைச் சுற்றி அலை உறிஞ்சும் பஞ்சு வைத்து, மையப் பகுதியை மட்டும் பார்க்கும்படி அமையுங்கள். இன்னொன்று: நம் கிண்ணத்தின் விளிம்பில் அலை 17 டிகிரி சாய்வாக விழுகிறது. ஆகவே எதிரொளிப்பு வரைகோட்டில் ஒத்ததிர்வு காட்டும் பள்ளம், தட்டைத் தகட்டை விட கிண்ணத்துக்குக் கொஞ்சம் அகன்று தெரிவது இயல்பு, அது கோளாறு அல்ல.

அறிகுறி: ஒத்ததிர்வு 100 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் கீழே போயிருக்கிறது

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வளையத்தை 2% சிறிதாக்கி வரைபடத்தைத் திருத்தி, மறுபடி ஃபிலிம் எட்ச் செய்து, மறுபடி கியூர் செய்து, இப்போது மேலே போய்விட்டது என்று தலையில் கை வைக்கிறார்கள். பேட்டர்ன் மாறவே இல்லை, அதைச் சுற்றியுள்ள தகடுதான் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. வளைய இடுக்கு தன் சுற்றளவு ஓர் அலைநீளம் ஆகும்போது திறக்கிறது. அந்த அலைநீளம் வெற்றிடத்தில் உள்ள 30 மி.மீ. அல்ல, தகட்டுக்குள் மின்காப்பு மாறிலியின் (பொருள் அலையை எவ்வளவு சுருக்குகிறது என்பதைக் காட்டும் எண்) வர்க்கமூலத்தால் வகுத்தது. கண்ணாடி எப்பாக்சிக்கு மாறிலி 4.4 என்றால் 14.3 மி.மீ. மாறிலி 1% ஏறினால் அதிர்வெண் அரை சதவீதம் இறங்கும். கண்ணாடி இழையின் மாறிலி 6-க்கு மேல், எப்பாக்சியுடையது 3 சுமார். ஆகவே இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே உங்கள் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. இழையின் பங்கு 50%-இலிருந்து 55% ஆனால் மாறிலி தோராயமாக 0.16 ஏறும், அது 10 கிகாஹெர்ட்ஸில் 180 மெகாஹெர்ட்ஸ் இறக்கம்.

இழையின் பங்கு எப்படி ஏறுகிறது? ரெசின் வழிந்து போய்விடுகிறது. அழுத்தம் சீக்கிரமே ஏற்றப்பட்டிருக்கும், அல்லது விளிம்பைச் சுற்றி அணை வைத்திருக்க மாட்டார்கள், அல்லது துளையுள்ள ரிலீஸ் ஃபிலிமுக்கு (ரெசின் ஒட்டாத தாள்) மேல் தடித்த பிரீதர் துணி (காற்று வெளியேற வழிவிடும் துணி) போட்டு ரெசினை உறிஞ்ச விட்டிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், மைக்ரோமீட்டர் போதும். எட்டு அடுக்கும் சேர்ந்து 1.60 மி.மீ. இருக்க வேண்டியது 1.45 என்று காட்டினால் இழையின் பங்கு 55% ஆகிவிட்டது. தகட்டில் ஒன்பது இடங்களில் அளந்து எழுதுங்கள். நடுவில் 1.58, மூலைகளில் 1.44 என்று வந்தால் விளிம்பில்தான் ஒழுகியிருக்கிறது. அந்த உருப்படியின் ஒத்ததிர்வு இடத்துக்கு இடம் மாறும், பள்ளம் ஒரே ஆழமாக இல்லாமல் அகன்று ஆழம் குறைந்து தெரியும்.

சரிசெய்ய: விளிம்பைச் சுற்றிச் சிலிகோன் ரப்பர் அணை, அதற்கும் தகட்டுக்கும் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். துளையில்லாத ரிலீஸ் ஃபிலிம். காற்று வெளியேற விளிம்பில் நாலைந்து இடத்தில் உலர்ந்த கண்ணாடி இழை நூல் ஒன்றை அணைக்கு அடியில் விட்டு பிரீதர் வரை இழுத்துவிட்டால் போதும். காற்று போகும், ரெசின் அந்த நூலை நனைத்ததும் தானே அடைத்துக்கொள்ளும்.

இழையின் பங்கு இப்படி ஆட்டிப் படைப்பது பிடிக்கவில்லை என்றால் இழையை மாற்றலாம். குவார்ட்ஸ் இழையின் மாறிலி 3.8, சயனேட் எஸ்டர் ரெசினுடையது 2.8 அளவில். இரண்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால் அதே ஐந்து சதவீதப் பிசகு 75 மெகாஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

கீழே போனதோடு இழப்பும் (தகட்டுக்குள் வீணாகும் அலை) கூடியிருந்தால் ரெசின் வழிந்ததல்ல, ஈரம். அதைப் பின்னால் பார்ப்போம்.

அறிகுறி: ஒத்ததிர்வு மேலே போயிருக்கிறது

மேலே போனால் நினைவில் முதலில் வர வேண்டிய சொல் காற்று. தகட்டில் 3% காற்றுக்குமிழி இருந்தாலே சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் ஏறும். அதைவிட மோசம், காற்று செம்பை ஒட்டியே இருப்பது. மின்புலம் உச்சத்தில் இருப்பது 0.3 மி.மீ. இடுக்குக்குள்ளும் அதன் வாயருகிலும்தான். அந்த இடத்தில் ரெசின் இறங்காமல் மெல்லிய காற்று அடுக்கு நின்றுவிட்டால், தகடு முழுவதும் சரியாக இருந்தும் ஒத்ததிர்வு எகிறிவிடும்.

கண்டுபிடிக்க அறையை இருட்டாக்கி, கிண்ணத்துக்குப் பின்னால் 20 வாட் எல்இடி விளக்கை வையுங்கள். கண்ணாடி எப்பாக்சி வெளிச்சத்தைக் கசிய விடும். செம்பு கறுப்பாகவும் வளைய இடுக்குகள் தேன் நிறத்திலும் ஒவ்வொன்றாகத் தெரியும். பிறகு பின்விளக்கை அணைத்து, முன்பக்கத்திலிருந்து ஒரு டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்து அடியுங்கள். ரெசின் நன்றாகப் பிடித்த இடத்தில் செம்பு ஆழ்ந்த பழுப்பாக, ஈரமானது போல் இருக்கும். காற்று நிற்கும் இடம் மீன் செதில் போல வெள்ளி மினுக்கும். அந்த மினுக்கத்தின் எல்லையை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தால் அதே எல்லைக்குள் சத்தம் மொத்தையாகக் கேட்கும்.

எட்சிங்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், ஆனால் எதிர்பார்ப்பு வேண்டாம். 18 மைக்ரான் செம்பில் பெரிக் குளோரைடு பக்கவாட்டில் தின்பது ஒரு விளிம்புக்கு 10 முதல் 18 மைக்ரான். 0.30 இடுக்கு 0.33 ஆகும். இது அலைவரிசையின் அகலத்தைக் கூட்டும், மைய அதிர்வெண்ணைப் பெரிதாக அசைக்காது. யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் இருபது வளையம் அளந்து, 0.03-க்கு மேல் பிசகினால் தொகுதியையே ஒதுக்குங்கள். வரைபடத்தில் இடுக்கை 0.27 என்று போட்டுவைப்பது இதற்குப் போதுமான முன்னீடு.

அறிகுறி: ஃபிலிமின் மேல் கொப்புளம், வெள்ளைத் திட்டு

பாலிஇமைடு ஃபிலிம் இரண்டு விதத்தில் எதிரி. ஒன்று, அது காற்றையும் ரெசினையும் குறுக்கே விடாத சுவர். கீழ் நான்கு அடுக்கில் சிக்கிய காற்றுக்கு மேலே போக வழியில்லை. இரண்டு, அது தண்ணீர் குடிக்கும். கேப்டான் என்ற பாலிஇமைடு ரகம் நீரில் ஊறினால் எடையில் 3% வரை ஏற்றிக்கொள்ளும்.

அந்தத் தண்ணீர் 120 டிகிரியில் என்ன செய்யும் என்று பாருங்கள். அந்த வெப்பத்தில் நீராவியின் தெவிட்டிய அழுத்தம் 2 பார். வெறும் வேக்குவம் பையில், அடுப்பில் கியூர் செய்தால் உங்களிடம் இருப்பது வளிமண்டலத்தின் 1 பார்தான். ஆவி ஜெயிக்கும், குமிழி வளரும். ஆட்டோகிளேவில் 3 பாருக்கு மேல் இருந்தால் குமிழி வளர வாய்ப்பில்லை. ஆட்டோகிளேவ் இல்லாதவர்கள் 80 டிகிரியில் வேக்குவத்தோடு ஒன்றரை மணி நேரம் நிறுத்துங்கள். அங்கே ஆவியழுத்தம் அரை பாருக்கும் குறைவு, ரெசினும் இன்னும் இறுகியிருக்காது. ஈரம் குமிழி கட்டாமல் வெளியே இழுபடும். அதற்குப் பிறகுதான் 120-க்கு ஏற்ற வேண்டும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை:

ஃபிலிமை 120 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். எடுத்த அரை மணிக்குள் அடுக்கில் வைத்துவிடுங்கள். மெல்லிய ஃபிலிம் உலர்வது எவ்வளவு வேகமோ, திரும்ப ஈரம் ஏற்பதும் அவ்வளவு வேகம். மழைக்காலத்தில் இது விளையாட்டல்ல.

ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் உள்ள செம்பு வட்டத்தின் மையத்தில் 1 மி.மீ. துளை போடுங்கள். மின்னோட்டம் இடுக்கின் ஓரத்தில்தான் ஓடுகிறது, வட்டத்தின் மையத்தில் அதற்கு வேலையில்லை. ஆகவே துளை அதிர்வெண்ணைத் தொந்தரவு செய்யாது, ஆனால் காற்றும் ரெசினும் இரு பக்கமும் போய்வரும். நம் கிண்ணத்தில் ஏறத்தாழ 2000 வளையம் வரும். சர்க்யூட் போர்டு துளையிடும் கடைக்கு ஃபிலிமை அடுக்காகக் கொடுத்தால் முடிந்த வேலை. துளைக்குள் இறுகிய ரெசின், இரண்டு பக்கத் தகட்டையும் பொத்தான் போலக் கோர்த்துப் பிடிக்கும் என்பது கூடுதல் லாபம்.

பிரீப்ரெக்கை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். ரோல் அறை வெப்பத்துக்கு வரும் வரை, பெரிய ரோலுக்கு ஆறேழு மணி நேரம், மூடியபடியே இருக்கட்டும். உறையின் வெளியே பனித்துளி நின்றுபோன பிறகே பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துளிகள் ரெசின் மேல் உட்காரும்.

மூன்று நான்கு அடுக்குக்கு ஒருமுறை வேக்குவத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்தி வைத்து எடுங்கள். ஃபிலிம் வைத்த உடனே ஒருமுறை கட்டாயம்.

பையை மூடியதும் பம்பைத் துண்டித்து ஐந்து நிமிடம் பாருங்கள். 30 மில்லிபாருக்கு மேல் இறங்கினால் கசிவு. அதைத் தேடாமல் சூடேற்ற வேண்டாம்.

சயனேட் எஸ்டர் ரெசினுக்கு ஈரம் இன்னும் பெரிய பகை. தண்ணீரோடு வினைபுரிந்து கார்பமேட் ஆகி, பின்னர் சூட்டில் கார்பன் டைஆக்சைடு விடும். கியூர் முடிந்து அழகாக வந்த தகடு, அடுத்த போஸ்ட் கியூரில் (மறுபடி சூடேற்றும்போது) கொப்புளித்தால் காரணம் இதுதான்.

அறிகுறி: கொப்புளம் இல்லை, ஆனால் ஃபிலிம் தோல் போல உரிகிறது

காற்றோ ஈரமோ அல்ல, ஒட்டவே இல்லை. உரித்த இரு முகத்தையும் பாருங்கள். செம்பின் பக்கம் பளபளவென்று சுத்தமாக வந்தால் செம்பின் தயாரிப்பு போதவில்லை. பாலிஇமைடு பக்கம் சுத்தமாக வந்தால் ஃபிலிமின் தயாரிப்பு போதவில்லை. இரண்டு முகத்திலும் கிழிந்த ரெசின் ஒட்டியிருந்தால் ஒட்டுதல் நல்லது, ரெசினே பலவீனம், அதாவது கியூர் குறை.

செம்புக்கு: லிட்டருக்கு 100 கிராம் சோடியம் பெர்சல்பேட் கரைசலில் ஒரு நிமிடம், நல்ல தண்ணீரில் அலசல், உடனே உலர்த்தல். ரோஜா நிறத்தில் மங்கலாக வர வேண்டும். அதன் பிறகு வெறுங்கை படக்கூடாது. சரியா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். அரை நிமிடம் படலம் உடையாமல் நின்றால் சரி. முத்து முத்தாகச் சுருண்டால் எண்ணெய் இருக்கிறது.

பாலிஇமைடு முகத்துக்கு ஆக்சிஜன் பிளாஸ்மா இருந்தால் அதுதான் சுத்தம். இல்லாவிட்டால் 1 மோலார் சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சில நிமிடம் அமிழ்த்தி, நீர்த்த அமிலத்தில் நனைத்து, நன்றாக அலசி உலர்த்தலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

அறிகுறி: விளிம்பை நோக்கி ஃபிலிமில் மடிப்பு

மேலே சொன்னவை தட்டைத் தகட்டிலும் வரும். மடிப்பு கிண்ணத்துக்கே உரியது. பொறுமை இதை நீக்காது, திறமையும் நீக்காது. தட்டையான தாளை நீட்டாமல் சுருக்காமல் கோளத்தின் மேல் படிய வைக்க முடியாது என்பதை காஸ் 1827-லேயே கணக்காக நிறுவிவிட்டார். எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் நம் கேள்வி.

நம் கிண்ணத்தில் 150 மி.மீ. ஆரத் தட்டை வட்டத்தின் சுற்றளவு 942 மி.மீ. கோளத்தின் மேல் அதே தூரத்தில் உள்ள வட்டத்தின் சுற்றளவு 928 மி.மீ. தான். 14 மி.மீ. ஃபிலிம் எங்கேயாவது போயாக வேண்டும். வழி விடாவிட்டால் மடிப்பாகப் போகும். ஆனால் கவனியுங்கள்: இந்த மிச்சம் தூரத்தின் மும்மடியாக, அதாவது தூரம் இரட்டித்தால் எட்டு மடங்காக, வளர்கிறது. பாதி தூரத்தில், அதாவது 75 மி.மீ.இல், வட்டம் முழுவதற்கும் சேர்த்து மிஞ்சுவது 1.8 மி.மீ. மட்டுமே. ஆகவே மையம் வரை ஆரஞ்சுச் சுளை போல வெட்டிக் குதற வேண்டியதில்லை. விளிம்பிலிருந்து பாதி தூரம் வரை பன்னிரண்டு ஆர வெட்டுகள் போதும். உள் பாதியை, 45 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கிய பிரீப்ரெக்கின் மேல் மையத்திலிருந்து வெளிநோக்கி விரல் அடியால் நீவிப் படிய வைக்கலாம்.

வெட்டும்போது விளிம்பில் ஒவ்வொரு வெட்டின் இரு ஓரமும் 1.2 மி.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏறும். இதை என்ன செய்வது என்பது உங்கள் பேட்டர்ன் எந்த இனம் என்பதைப் பொறுத்தது. தனித்தனிச் செம்பு வளையமோ குச்சியோ என்றால், வெட்டை இரண்டுக்கும் நடுவே விட்டுவிட்டு, மிஞ்சும் ஃபிலிமை நறுக்கி ஓரத்தோடு ஓரம் சேர்த்துவிடலாம். மின்னோட்டம் அங்கே கடப்பதே இல்லை. நம்முடையது போலத் தொடர்ந்த செம்பில் இடுக்கு வெட்டிய இனம் என்றால் அப்படிச் செய்யக்கூடாது. நறுக்கிச் சேர்த்த கோடு 75 மி.மீ. நீள இடுக்காகிவிடும், வேண்டாத அதிர்வெண்ணெல்லாம் அதன் வழியே கசியும். வரைகோட்டில் தடுப்புப் பகுதி 20 டெசிபலுக்குப் பதில் 12-இல் நின்றுவிட்டால் முதலில் இந்தக் கோடுகளைத்தான் பாருங்கள்.

இங்கே மேலேறிய ஓரத்தை அப்படியே விடுவதே நல்லது. நடுவில் ஃபிலிமும் ரெசினுமாக 75 மைக்ரான், 1.2 மி.மீ. ஏற்றத்தில் ஒரு செ.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 5 பிகோ ஃபாரட் கிடைக்கும். 10 கிகாஹெர்ட்ஸில் அதன் தடை 3 ஓம் சொச்சம். அலையின் 377 ஓமுக்கு முன் அது கம்பி போட்டு இணைத்த மாதிரிதான். ஆனால் இரண்டு ஓரத்திலும் செம்பு இருந்தால்தான் இந்தக் கணக்கு. வளையத்துக்கு வளையம் நடுவே சாதாரணமாக 1 மி.மீ. செம்புதான் இருக்கிறது, வெட்டு ஓடும் பாதையில் அது போதாது, மேலேறும் ஓரம் பக்கத்து வளையத்தை மூடிவிடும். அந்தப் பாதையில் மட்டும் 3 மி.மீ. வெறும் செம்புப் பட்டை விட்டு வரைந்துகொள்ளுங்கள். வெட்டின் உள்முனையில் 1 மி.மீ. வட்டத் துளை போட்டுவிட்டால் நீவும்போது கிழியாது.

அறிகுறி: மடிப்பு இல்லை, ஆனால் செம்பில் மயிர்க்கோடு

பின்விளக்கில் கறுப்புச் செம்புக்குக் குறுக்கே மெல்லிய ஒளிக்கோடு தெரியும். ஃபிலிமைச் சூடாக்கி இழுத்து உருவாக்கியவர்களுக்கு இது சகஜம். மின்பூச்சில் செய்த செம்புக்குப் பதில் உருட்டிப் பதமாக்கிய செம்பு கேட்டு வாங்குங்கள், இழுவையை நன்றாகத் தாங்கும். கோடு எப்போதும் ஒரே இடத்தில், முக்கியமாகக் கிண்ணத்தின் விளிம்பு மடங்கும் மூலையில் வந்தால், அங்கே பிரீப்ரெக் மூலையை ஒட்டாமல் பாலம் போல் நின்றிருக்கிறது. அழுத்தம் வந்ததும் ஃபிலிமை இழுத்து அறுத்துவிட்டது. மூலை ஆரத்தைப் பெரிதாக்குங்கள், அந்த இடத்தில் வேக்குவம் பையில் தாராளமாக மடிப்பு விட்டு மூடுங்கள்.

அறிகுறி: அதிர்வெண் சரி, இழப்பு அதிகம்

சாட்சித் தகட்டை எடை போட்டு, 100 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, மறுபடி எடை போட்டு அளவிடுங்கள். எடையும் இழப்பும் சேர்ந்து குறைந்தால் ஈரம். விளிம்பை ரெசினால் அடைக்காமல் வெட்டிய தகடுகளில் இது அதிகம். குறையாவிட்டால் மூன்று சந்தேகம்.

ஒன்று, கார்பன். அதே மேசையில் கார்பன் இழை வெட்டியிருந்தால் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பின்விளக்கில் கறுப்பு நூல் துண்டாகத் தெரியும். ரேடோம் வேலைக்குக் கத்தி, உருளை, கையுறை எல்லாம் தனி.

இரண்டு, செம்பின் முரட்டு முகம். 10 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஓடுவது செம்பின் மேல் 0.66 மைக்ரான் ஆழத்தில்தான். ஒட்டுதலுக்காக 2 மைக்ரான் கரடு செய்த முகத்தில் அது மேடு பள்ளம் ஏறி இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

மூன்று, மேற்பூச்சு. நிலைமின்சாரம் போக்கும் கறுப்புப் பெயின்டை ஒரு கோட்டுக்கு மூன்று கோட்டாக அடித்திருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

மூன்றும் இல்லையென்றால், கண்ணாடி எப்பாக்சியின் இழப்பே அவ்வளவுதான். அதன் இழப்பு எண் 0.015 முதல் 0.02, குவார்ட்ஸ் சயனேட் எஸ்டருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

அறிகுறி: இரண்டு அடுக்குப் பேட்டர்ன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

ரெசின் இளகும் நேரத்தில் ஃபிலிம் மிதந்து நகர்ந்திருக்கும். எல்லா வளையமும் ஒரே திசையில் தள்ளியிருந்தால் அதுதான். விளிம்புக்கு வெளியே ஃபிலிமில் காது விட்டு, மோல்டில் ஊசி குத்தி நிறுத்துங்கள். மையத்தில் பொருந்தி விளிம்பில் விலகினால் மோல்டின் வெப்ப விரிவு. அலுமினிய மோல்டு 100 டிகிரி ஏறும்போது மீட்டருக்கு 2.3 மி.மீ. வளரும், குளிரும்போது கண்ணாடி எப்பாக்சி சுருங்குவது 1.4 மி.மீ. தான். ஒரு மீட்டர் உருப்படி 0.9 மி.மீ. பெரிதாக வரும். அதிர்வெண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை, பத்து மெகாஹெர்ட்ஸ்கூட நகராது. ஆனால் ஓர் அடுக்கை முதலில் கியூர் செய்துவிட்டு அடுத்ததைப் பிறகு ஒட்டுபவர்களுக்குப் பொருத்தம் போய்விடும். இரண்டையும் ஒரே கியூரில் முடியுங்கள், அல்லது இரண்டாவது வரைபடத்தை அந்த 0.09% பெரிதாக்குங்கள்.

அறிகுறி: மோல்டிலிருந்து எடுத்ததும் கிண்ணம் விரிகிறது அல்லது முறுக்குகிறது

ஃபிலிம் நடுவில் இல்லாமல் வெளி முகத்தருகே இருந்தால் செம்பு ஒருபக்கக் கனம். 18 மைக்ரான்தானே என்று தள்ளாதீர்கள், விறைப்பில் அது 0.1 மி.மீ. கண்ணாடித் தகட்டுக்குச் சமம். முடிந்தால் ஃபிலிமை நடுவுக்கே கொண்டுவாருங்கள். நடுவிலேயே இருந்தும் முறுக்கினால் சாட்டின் நெசவுத் துணியின் முகம் பார்க்காமல் அடுக்கியிருப்பீர்கள். பாவு முகம் கீழ்ப் பாதியில் ஒரு பக்கம் பார்த்தால் மேல் பாதியில் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இன்னொன்று, 60 டிகிரிக்குக் கீழே வரும் முன் அழுத்தத்தை விடாதீர்கள்.

அறிகுறி: ஊட்டக் கம்பியைச் சால்டர் செய்ததும் செம்பு எழும்புகிறது

பதித்த ஆண்டெனாக்களுக்கு மட்டும் வரும் தொல்லை. 120 டிகிரி கியூர் எப்பாக்சி, 350 டிகிரி சால்டர் முனையின் கீழே ரப்பராகிவிடும். தகட்டைச் சுரண்டித் திறந்து அந்த இடத்தில் சால்டர் செய்வதை விட, அடுக்கும் முன்பே கம்பியை வைத்து முடித்து, இணைப்பின் மேல் பிரீப்ரெக்கில் சின்ன ஜன்னல் வெட்டி மூடிவிடுவது மேல். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் தகட்டை முதலில் 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள், ஈயம் கலந்த சால்டர் என்றால் 183 டிகிரியில் உருகும், முனையை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். எழும்பிய செம்பை மறுபடி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். நெட்வொர்க் அனலைசரில் அன்றைக்குச் சரியாகக் காட்டும், முதல் சூடு குளிரில் விட்டுவிடும்.